பின்னால் வரும் டயர்கள்

டிரெய்லரின் டயர் ஒன்று காற்றிழந்துவிட்டதை அந்த வண்டியின் ஓட்டுநர் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பிறகே அறிகிறார். முன்வண்டியின் முன்சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டீரிங் ஒருபக்கம் இழுத்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால், ஜோடியாக மாட்டப்பட்ட இரு டயர்களில் உள்ளே இருப்பது காற்றிழந்தால், வெளியே இருப்பது அதன் சுமையையும் தானே ஏற்றுக்கொண்டு உருள்வதால், ஓட்டுநரின் கைக்கோ இருக்கைக்கோ எந்த அறிகுறியும் எட்டுவதில்லை. முந்திச் செல்லும் பேருந்தின் நடத்துநர் கைகாட்டிக் கத்தினாலோ, பக்கக் கண்ணாடியில் புகை தெரிந்தாலோதான் வண்டி ஓரங்கட்டப்படும். அதற்குள் ஒரு டயர் போக வேண்டிய இடத்தில் இரண்டு போயிருக்கும். சுமை, காற்று, வயது, தரம் என்று டிரெய்லர் டயரைப் பற்றிப் போடப்படும் எந்தக் கணக்கும், யாருடைய உணர்வுக்கும் எட்டாத இடத்தில் உருளும் ஒரு பொருளைப் பற்றிய கணக்கு என்பதை மறந்துவிட்டால் பொருளற்றுப் போகும்.

இங்கே டிரெய்லர் என்பது, முன்பக்கத்தில் தனக்கெனச் சக்கரம் இல்லாமல், முன்வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தட்டின்மேல் கழுத்தை வைத்து இழுபடும் நீண்ட பின்வண்டியைக் குறிக்கும். அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர் இருந்தாலும் அது உருள்வதில்லை. டிரெய்லர் திரும்புவதற்கு அச்சாக மட்டுமே இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றி வருபவையும், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கிரானைட் பாளங்களைச் சுமந்து வருபவையும், இரும்புச் சுருள்களையும் இயந்திரங்களையும் கொண்டுசெல்பவையும் இவ்வகையே. லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் புது டயர் விற்பவர், தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்பவர், பஞ்சர் ஒட்டுபவர், பழைய கேசிங் வாங்குபவர் என்று ஒரு டயரின் ஆயுள் முழுவதும் நான்கைந்து கைகளில் ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே கழிந்துவிடுவதுண்டு. கேசிங் என்பது தரையில் தேயும் மேல்ரப்பரை நீக்கிவிட்டால் எஞ்சும் டயரின் உடல். சுமையைத் தாங்குவதும் காற்றை அடக்குவதும் அதுதான். இக்கட்டுரையாளரின் தொழில்வாழ்க்கை அந்தச் சாலையோரப் பட்டறைகளில்தான் கழிந்தது என்பதால், கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் கழற்றிப் பிரித்துப் பார்த்த டயர்களிடமிருந்து கற்றவை.

டிரெய்லருக்கு என்று புது டயர் வாங்கும் வழக்கம் சிறு உரிமையாளர்களிடம் அரிது. புதிதாக வாங்கியது முதலில் முன்வண்டியின் முன்சக்கரத்துக்குப் போகும். அங்கே ஓரளவு தேய்ந்ததும் எஞ்சின் இழுக்கும் பின்சக்கரத்துக்கு மாறும். பிறகு ரீட்ரெட் செய்யப்பட்டு, மூத்தவனுக்கு எடுத்த சட்டை தம்பிக்கு இறங்குவதைப் போல, டிரெய்லருக்கு வந்துசேரும். இதில் முதல் படி முற்றிலும் நியாயமானது, ஏனென்றால் முன்சக்கரம் வெடித்தால் வண்டி கைவிட்டுப் போய்விடும். கடைசிப் படியில்தான் தவறு நுழைகிறது; டிரெய்லரின் சக்கரங்கள் இழுப்பதுமில்லை, திருப்புவதுமில்லை என்பதால் அவற்றுக்கு வேலை குறைவு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் ஏற்றிய வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழப் பாதியை டிரெய்லரின் அச்சுகளே சுமக்கின்றன.

அந்தச் சுமையின் கணக்கை ஒருமுறையாவது எண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் சுமைக் குறியீட்டு எண்ணும் வேக எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். பரவலாக ஓடும் 10.00 ஆர் 20 அளவில் 146/143 கே என்று இருந்தால், தனியாக மாட்டும்போது ஒரு டயர் 3000 கிலோவும் ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 2725 கிலோவும் தாங்கும் என்றும், 110 கிலோமீட்டர் வேகம் வரை அதற்கு அனுமதி உண்டு என்றும் பொருள். ஜோடியில் எண் குறைவதற்குக் காரணம், இரண்டும் ஒருபோதும் சரிசமமாகச் சுமப்பதில்லை என்பதும் நடுவில் காற்றோட்டம் குறைவு என்பதுமே. இந்திய அரசு 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியபோது, இரட்டை அச்சுக்கு 19 டன் என்றிருந்தது 21 டன் ஆயிற்று. மூன்று அச்சு டிரெய்லருக்கு 24 டன் என்றிருந்தது 27 டன் ஆயிற்று. இரட்டை அச்சின் எட்டு டயர்களுக்கு 21 டன்னைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2625 கிலோ வருகிறது. முன்பு அது 2375 கிலோ. அதாவது சட்டத்துக்கு உட்பட்டு ஏற்றினாலே டயரின் முழுத் திறனுக்கும் நடக்கும் சுமைக்கும் இடையே எஞ்சுவது நூறு கிலோதான். மூன்று அச்சின் பன்னிரண்டு டயர்களில் 27 டன் பங்கிடப்பட்டால் ஒன்றுக்கு 2250 கிலோதான் என்பதால், ஒரே சரக்கைச் சுமந்தாலும் மூன்று அச்சு வண்டியின் டயர் நிதானமாக வேலை செய்கிறது. அதே இரட்டை அச்சின்மேல் 25 டன் ஏறிவிட்டால் ஒவ்வொரு டயரும் 3125 கிலோவைச் சுமக்கிறது, அதாவது தன் வரம்பைவிட ஏழில் ஒரு பங்கு அதிகம். எந்த நிறுவனத்தின் டயரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

பங்கீடு சமமாக நடக்கும் என்பதும் காகிதத்தில்தான். முன்வண்டியின் தட்டு உயரமாகவோ தாழ்வாகவோ இருந்து டிரெய்லர் மட்டமாக நிற்காவிட்டால், பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் சுமை வேறுவேறாக விழும். கனமான இருபதடி கண்டெய்னர் ஒன்றை நாற்பதடி டிரெய்லரின் நடுவில் வைக்காமல், கதவு திறக்க வசதி என்று கடைக்கோடியில் வைத்தால், ஐந்தாம் சக்கரம் சுமக்க வேண்டிய பங்கும் டிரெய்லர் டயர்களின் தலையில் விழுகிறது. கிரானைட் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. அதனால் பார்வைக்கு வண்டியில் பாதி இடம்கூட அடைக்காத ஒரு பாளம் முழுச் சுமையாக இருக்கும். வண்டி காலியாக இருப்பதைப் போலத் தோன்றுவதால், எடை மேடையில் ஏற்றிப் பார்க்கும் எண்ணமே பலருக்கு வருவதில்லை. மொத்த எடையைச் சீட்டில் வாங்குவதோடு நிற்காமல், முன்வண்டியை மேடையிலிருந்து இறக்கி டிரெய்லரின் அச்சுகளை மட்டும் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குபவர்தான் தன் டயரின் நிலையை அறிந்தவர்.

சுமையைத் தாங்குவது டயர் என்று பேச்சுக்குச் சொன்னாலும் உண்மையில் தாங்குவது அதனுள் இருக்கும் காற்றே. அந்த அழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. என்ற அலகைக் கடைப்பேச்சில் பாயிண்ட் என்பார்கள். லாரி ரேடியல் டயர் ஒன்று அதன் முழுச் சுமைக்கு ஏறத்தாழ 120 பாயிண்ட் கேட்கும். அதில் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் தாங்கும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. ரப்பர் மடங்கும்போது வாங்கிய ஆற்றலை விரியும்போது முழுவதும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்வதால், ஆயிரக்கணக்கான சுற்றுகளில் அந்த வெப்பம் உள்ளே சேர்கிறது; ரப்பரோ வெப்பத்தை எளிதில் வெளியே விடாத பொருள். ரப்பருக்கும் அதனுள் இருக்கும் நைலான் அல்லது எஃகு நூலுக்கும் இடையிலுள்ள ஒட்டு முதலில் தளர்கிறது. வெடிப்புச் சத்தம் கேட்பது அந்த வேலை முழுவதும் முடிந்த பிறகே. ஆதலால் மேலூர்ப் பக்கம் வெடித்த டயரின் கோளாறு திருச்சிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம், முந்தைய வாரத்திலேயேகூடத் தொடங்கியிருக்கலாம்.

ஓடி வந்து சூடாக நிற்கும் டயரில் அழுத்தம் குளிர்ந்த நிலையைவிடப் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கூடியிருப்பது இயல்பு. வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி, வழியில் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும் பழக்கம் பல ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. குளிர்ந்ததும் அந்த டயர் குறைந்த காற்றோடு நிற்கும், மறுபயணத்தில் முன்னைவிட அதிகமாகச் சூடேறும், எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதையே கொண்டுவந்து சேர்க்கும். லிவரால் டயரைத் தட்டி ஓசையைக் கொண்டு காற்றை மதிப்பிடும் முறையும் இத்தகையதே. முற்றிலும் காற்றிழந்த டயரை அது காட்டும் என்பது உண்மை. 80 பாயிண்டுக்கும் 115 பாயிண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் சொல்வதாகச் சவால் விட்டவர்களிடம் கேஜ் வைத்துக் காட்டியபோது, பெரிய அனுபவசாலிகளும் தோற்றதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு.

வெடித்த டயரைக் குப்பையில் எறியாமல் பிரித்துப் பார்ப்பது இத்தொழிலின் மிகச் சிறந்த பாடம், மிகக் குறைவாகப் படிக்கப்படும் பாடமும்கூட. டயரின் உட்புறத்தில் கையை விட்டுத் துழாவும்போது கருமாவைப் போல ரப்பர்த் தூள் ஒட்டினால், அது வெடிப்பதற்கு முன்பே காற்றில்லாமல் உருண்டிருக்கிறது என்று பொருள்; டயரின் உட்பரப்புகள் ஒன்றோடொன்று உரசியதன் எச்சம் அது. பக்கச்சுவரின் உட்புறம் வட்டமாக நிறம் மாறிச் சுருங்கியிருந்தால் அதே கதைதான். நைலான் டயரில் அறுந்த நூல்களின் நுனியைத் தடவிப் பார்த்தால், பஞ்சுபோலப் பிரிந்திருப்பதும் உண்டு, உருகிக் குமிழ்போல இறுகியிருப்பதும் உண்டு. முன்னது ஒரு கல்லோ பள்ளமோ தந்த திடீர் அடியைக் காட்டும். பின்னது, டயர் நூலாகப் பயன்படும் நைலான் 6 ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் உருகும் என்பதால், உள்ளே எத்தகைய வெப்பம் இருந்தது என்பதைக் காட்டும். எஃகுப் பட்டைகளுக்கு நடுவே பிரிந்த இடம் வழவழப்பாக, தேய்த்து மெருகேற்றியதுபோல இருந்தால், அந்தப் பிரிவு நேற்று நடந்ததன்று; பல நாள் உள்ளேயே உரசி உரசி வளர்ந்தது. ஒரு பக்கத்து டயர்க்கட்டு மட்டும், அதாவது ரிம்மைப் பற்றியிருக்கும் கம்பி வளையத்தின் ஓரம் மட்டும், கருகி நொறுங்கினால் டயரைக் குறை சொல்லிப் பயனில்லை, பிரேக் டிரம்மைப் பார்க்க வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் தன் வெப்பத்தை ரிம் வழியாக டயருக்கு ஏற்றிவிடுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி வந்து நிற்கும் டிரெய்லர்களில், டிரம் அருகே கையைக் கொண்டுபோக முடியாத சக்கரம் எது என்று சுற்றிவந்து பார்ப்பவர் அடுத்து வெடிக்கப்போகும் டயரை முன்கூட்டியே அடையாளம் கண்டுவிடுகிறார்.

இந்தப் பரிசோதனையைச் செய்யத் தெரியாத உரிமையாளர் விற்பனையாளரிடம் க்ளெய்ம் கேட்கப் போகும்போது, காற்றில்லாமல் ஓட்டியது என்ற ஒரே வரியில் திருப்பியனுப்பப்படுகிறார். அந்த வரி பல நேரங்களில் உண்மை; சில நேரங்களில் பிரிவுக் கோளாறு கண்முன் இருந்தும் அதே வரி எழுதப்பட்டதை இக்கட்டுரையாளர் பார்த்திருக்கிறார், அப்போது தூள் இல்லாத உட்புறத்தைக் காட்டி வாதாடி மாற்று டயர் வாங்கித் தந்ததும் உண்டு.

ஜோடி டயர்களைப் பொருத்துவது தனிக் கலை. இரண்டின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும், 10.00 போன்ற பெரிய அளவுகளில் விட்ட வேறுபாடு 12 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது தொழில்வழக்கு. புது டயரோடு தேய்ந்த டயரை ஜோடி சேர்த்தால் உயரமானது சுமையை வாங்கிக்கொண்டு சூடாகும், குட்டையானது தரையில் இழுபட்டு ஒழுங்கற்றுத் தேயும். சிறு வேறுபாடு தவிர்க்க முடியாதபோது, சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதைக் கருதி, சிறியதை உள்ளேயும் பெரியதை வெளியேயும் மாட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கும் கருங்கல் ஜல்லியைக் கிளீனர் தட்டி எடுக்காமல் விட்டால் அது இரு பக்கச்சுவர்களையும் ஒருசேர அறுக்கும். ஆனால் ஜோடியின் உண்மையான பகைவன் உட்டயரின் வால்வுதான். கை நுழையாத இடத்தில் இருப்பதால் அதில் காற்றுப் பார்ப்பதை எல்லோரும் தவிர்க்கிறார்கள். வெளியிலிருந்து எட்டும்படி நீட்டிப்புக் குழாய் மாட்டுவது சில நூறு ரூபாய்ச் செலவு, அதை மறுத்தவர்களே ஒரே மாதத்தில் இரண்டு டயர் இழந்து வந்து நிற்பார்கள்.

திரும்பும்போது நடப்பதை ஒரு துறைமுக முற்றத்தில் நின்று பார்த்தால்தான் நம்ப முடியும். மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவே பொருத்தப்பட்டிருப்பதால், வண்டி கூர்மையாக வளையும்போது நடு அச்சு மட்டும் ஓரளவு உருள, முன்னதும் பின்னதும் எதிரெதிர்ப் பக்கமாகத் தரையில் வழுக்கி இழுபடுகின்றன; டயரின் கீழ்ப்பகுதி ரிம்முக்கு வெளியே பிதுங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். இந்தப் பக்கவாட்டு இழுப்பு எஃகுப் பட்டைகளின் ஓரங்களைத்தான் தாக்குகிறது, பிரிவு தொடங்குவதும் அந்த ஓரங்களில்தான். எஞ்சின் இழுக்கும் சக்கரத்துக்கென ஆழமான கட்டைகளாக வார்க்கப்பட்ட லக் டயரை டிரெய்லரில் மாட்டுபவர், அதிக ரப்பர் இருப்பதால் அதிகக் காலம் வரும் என்று கருதுகிறார். ஆனால் உயரமான கட்டைகள் பக்கவாட்டில் வளைந்து அதிக வெப்பத்தை உண்டாக்கும். நீளவாக்கில் நேர்கோடுகளாக ஓடும் ரிப் வகையே டிரெய்லருக்குரியது.

நைலானா ரேடியலா என்ற பழைய வழக்கு நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. நைலான் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து படுத்திருப்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. ரேடியலில் எஃகு நூல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் சென்று மேலே பட்டைகளால் கட்டப்படுவதால் வெப்பம் குறைவு, தரையோடு ஒட்டும் பரப்பும் சீரானது. கல் குவாரிக்குள்ளே மெதுவாக, அதிகச் சுமையோடு ஓடும் வண்டிக்கு நைலான் இன்றும் பொருந்தும், அதன் பக்கச்சுவர் தடித்தது, அடியைத் தாங்கும். சுமையோடு பல நாள் நிறுத்திவைத்தால் நைலான் டயர் தரைபட்ட இடத்தில் தட்டையாகிவிடும் என்பதால், சரக்கோடு காத்திருக்கும் டிரெய்லருக்கு அது ஒவ்வாது.

ரீட்ரெட் பற்றி இங்கே ஒரு தவறான அச்சம் நிலவுகிறது. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் டிரெட் ரப்பர் உற்பத்திக்குள் நுழைந்தது. அதாவது நாட்டின் பெரிய டயர் நிறுவனம் ஒன்றே பழைய டயருக்கு மேற்பூச்சு தரும் தொழிலின் வழியாக வளர்ந்தது. அச்சுக்குள் வைத்து ஏறத்தாழ 150 பாகையில் வேகவைப்பது சூடான முறை. முன்பே வார்த்து வைத்த பட்டையைச் சுற்றி, ஏறத்தாழ 100 பாகையில் அறைக்குள் வைத்து ஒட்டுவது குளிர்ந்த முறை. கேசிங்கைக் குறைவாகச் சுடுவதால் பின்னதே டிரெய்லருக்கு ஏற்றது. சாலையோரம் கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளைப் பார்த்து ரீட்ரெட் உரிந்துவிட்டது என்று சொல்பவர்கள், அதை உரித்தது கேசிங்கின் பழைய காயமா காற்றுக் குறைவா என்று கேட்பதில்லை; புது டயரும் அப்படித்தான் உரியும். தேய்மான வரம்பாகச் சட்டம் சொல்வது 1.6 மில்லிமீட்டர். கேசிங்கைக் காப்பாற்ற நினைப்பவர் அதுவரை காத்திருக்காமல் மூன்று மில்லிமீட்டர் அளவிலேயே கழற்றிவிடுகிறார். தன் வண்டியிலேயே ஓடி, வரலாறு தெரிந்த கேசிங்கை ரீட்ரெட் செய்து மாட்டுவதும், சந்தையில் யாரோ விற்ற கேசிங்கை மாட்டுவதும் ஒன்றல்ல.

புதிதாக வாங்கும்போது முதலில் படிக்க வேண்டியது, டயர் செய்யப்பட்ட காலத்தைக் காட்டும் நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு ஆண்டு கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தருவதாகச் சொன்னால், தள்ளுபடி யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலிலும் காற்றிலும் வெடிப்பு விட்டு மூப்படைவதே அதிகம், மாதத்தில் பல நாள் சும்மா நிற்கும் வண்டிகளில் குறிப்பாக. அடுத்துப் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை, வணிக வண்டி டயர்களுக்கு ஐ.எஸ். 15636 என்ற தர எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2017இல் சீன லாரி ரேடியல் டயர்கள்மீது இந்தியா பொருள்குவிப்புத் தடை வரி விதிக்கும்வரை, அவை பாதி ஊரின் டிரெய்லர்களில் உருண்டன. அவற்றில் நன்றாக ஓடியவையும் இருந்தன. ஒரே பெயரில் வந்த இரண்டு தொகுதிகள் இருவேறு டயர்களைப் போல நடந்துகொண்டதுதான் தொல்லை. நாடு எது என்பதைவிட, அதே டயர் அடுத்த ஆண்டும் கிடைக்குமா, க்ளெய்ம் பார்க்க ஊரில் ஆள் உண்டா என்பதே தகுந்த கேள்வி. டியூப் வைத்த டயராக இருந்தால் புது டயருக்குப் பழைய டியூபையும், அதை ரிம்மில் உரசாமல் காக்கும் ஃபிளாப்பையும் போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. நீண்டுபோன டியூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.

குறைந்த காற்றோடு ஓடிய எஃகு ரேடியலுக்கு மீண்டும் காற்றடிப்பதுதான் இத்தொழிலில் உயிரைப் பறிக்கும் வேலை. அளவுக்கு மீறி மடங்கிய பக்கச்சுவரில் எஃகு நூல்கள் உள்ளேயே ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அழுத்தம் ஏறும்போது அடுத்தடுத்த நூல்கள் ஜிப்பைத் திறந்ததுபோல வரிசையாக அறுந்து, டயர் பக்கவாட்டில் பிளக்கும். பரிந்துரைத்த அழுத்தத்தில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே ஓடிய எந்த டயரையும் காற்றில்லாமல் ஓடியதாகவே கொண்டு, கழற்றி உட்புறம் பார்த்த பிறகே மாட்டுவது என்ற விதி அதனால்தான் வந்தது. இரும்புக் கூண்டுக்குள் டயரை வைத்து, நீண்ட குழாயில் கிளிப் மாட்டி, பக்கச்சுவருக்கு நேரே நிற்காமல் காற்றடிப்பது முறை. ரிங் வைத்த பழைய ரிம்களில், சரியாக உட்காராத ரிங் குண்டுபோலத் தெறிக்கும். கூண்டு இல்லாத கடைகளில் ரிங்கின் குறுக்கே லிவரைச் செருகி வைக்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

ஸ்டெப்னி எனப்படும் மாற்று டயர் டிரெய்லரின் வயிற்றுக்கடியில் சங்கிலியில் தொங்குகிறது. சேறும் எண்ணெயும் படிந்து, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பதால், நடுவழியில் இறக்கிப் பார்க்கும்போது பாதிக் காற்றோடு இருக்கும். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று அப்படியே மாட்டப்படும். பக்கத்து டயரோடு விட்டம் ஒத்துப்போகாத, காற்றும் போதாத அந்தச் சக்கரம் உருளும்போது, ஜோடியில் எஞ்சியிருந்த நல்ல டயர் மறுபடியும் இருவர் சுமையைச் சுமக்கத் தொடங்குகிறது. அதனால் பட்டறைக்கு வரும் டிரெய்லரில், தரையில் நிற்கும் சக்கரங்களைத் தொடுவதற்கு முன், படுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து ஸ்டெப்னியின் வால்வில் கேஜ் வைப்பதை இக்கட்டுரையாளர் தம் பட்டறைப் பையன்களுக்கு முதல் நாள் வேலையாகவே வைத்திருந்தார்.